இன்றைக்கு நான்தான் கத்தரீனாள்

பீர்மேடு,
அக்டோபர் 19, ஞாயிறு.

பிரியமுள்ள மகள் ஜோமோளுக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கே முழங்காலைத் தவிர எனக்கு மற்றதெல்லாம் சுகம், உங்கப்பாவுக்கு வாய் உட்பட எல்லாமே சுகம், அங்கே அயர்லாந்தில் நீயும் குளிருக்கு உல்லன் போட்டு வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நேற்று ராத்திரிகூடப் போனில் பேசிய அம்மா இன்றைக்கு எதற்குக் கடிதம் எழுதுகிறாள், யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் நான் ஒரு வரி சொன்னால் நீ ஒன்பது கேள்வி கேட்பாய், கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதற்காகத்தான். இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். சிலுவைராஜ் மாமா மகள் டின்டு வியாழக்கிழமை கொச்சியிலிருந்து உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், இதை அவள் பையில் நாரத்தங்காய் ஊறுகாய்க்கும் ஏலக்காய்ப் பொட்டலத்துக்கும் நடுவில் வைத்து அனுப்புகிறேன், காகிதத்தில் எண்ணெய்க் கறை இருந்தால் அது ஊறுகாயின் வேலை, நான் அழுது எழுதினேன் என்று கற்பனை பண்ணாதே.

விஷயத்துக்கு வருகிறேன், எங்காவது உட்கார்ந்துகொண்டு படி. உன் அம்மா பி.ஏ. சேர்ந்திருக்கிறாள். ஆமாம், நான்தான், நாற்பத்தாறு வயதில், பி.ஏ. வரலாறு, ஆன்லைனில், மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், தமிழிலேயே. சேர்ந்து மூன்று வாரமாகிறது. இந்த மூன்று வாரமும் நீ சாயங்காலம் கூப்பிட்டபோதெல்லாம் ஜெபமாலைக்குக் கிளம்புகிறேன் மகளே, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்தேனே, அதில் பாதி ஜெபமாலை, பாதி பாடம். அக்டோபர் மாதமாகப் போனதால் பிழைத்தேன், லயத்தில் தினம் ஒரு வீட்டில் ஜெபமாலை இருக்கிறது, நீயும் சந்தேகப்படவில்லை. பொய் சொன்னதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாகிவிட்டது, அவர் பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மரியே ஜெபம் கொடுத்துவிட்டு, எந்தப் பாடம் என்று கேட்டார். உன்னிடம் ஏன் மறைத்தேன் என்றால், சேர்ந்த அதே வேகத்தில் வெளியே வந்துவிட்டால் அந்த அவமானம் எஸ்டேட்டோடு போகட்டும், கடல் தாண்ட வேண்டாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது சரிதான் என்று ஆகியிருக்கும், போன வெள்ளிக்கிழமை பதினொரு மணி வரை என் சீட்டு இருக்கிறதா போய்விட்டதா என்று எனக்கே தெரியாது. அந்தக் கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஏன் வரலாறு என்று விண்ணப்பம் போடப்போன கம்ப்யூட்டர் கடையில் இருந்த பெண் கேட்டது. இந்த டிவிஷனில் எந்த வீட்டில் எந்த வருஷம் என்ன நடந்தது, யார் யாரோடு எதற்குப் பேசுவதில்லை, எந்த மாடு யார் தோட்டத்தில் மேய்ந்து எந்தக் கல்யாணம் நின்றது என்று எல்லாம் எனக்கு மனப்பாடம் மகளே, இதற்கு மேல் ஒரு ஆள் வரலாறு படிக்க என்ன தகுதி வேண்டும் என்றேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே டிக் போட்டுவிட்டது. கம்பத்தில் ஹாஸ்டலில் நின்று எழுதிய ப்ளஸ் டூ சர்டிபிகேட்டை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன், நாலாக மடித்து மடித்து மடிப்பில் எழுத்தே போய்விட்டது, ஆனாலும் மார்க் தெரிகிறது, நல்ல மார்க்குத்தான், நீயே பார்த்தால் கொஞ்சம் மரியாதை வைப்பாய். பிறகு பாஸ்வேர்டு என்று ஒன்று. எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது, பெரிய எழுத்து ஒன்று வேண்டும், எண் ஒன்று வேண்டும், குறி ஒன்று வேண்டும், ஒரு கல்யாணச் சமையலுக்குக்கூட இவ்வளவு சாமான் கேட்கமாட்டார்கள். நான் போட்டு முடித்து மறந்து, மறுபடி போட்டு மறுபடி மறந்து, இப்போது காலண்டரில் புனித அந்தோனியார் படத்துக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன், தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்தானே.

முதல் வாரம் ரொம்ப நன்றாகப் போனது. பாடங்களை முன்பே வீடியோ எடுத்து வைத்திருக்கிறார்கள், தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்து குளித்துக் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கேட்கலாம், புரியாவிட்டால் அந்த வாத்தியாரை நிறுத்திவைத்துத் திரும்பச் சொல்ல வைக்கலாம், உங்கப்பாவை இந்த இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவை அப்படி நிறுத்த முடிந்ததில்லை. எல்லாரும் தன்னைப் பற்றி எழுதுங்கள் என்று ஒரு அறிமுகப் பக்கம் இருந்தது. மற்றவர்கள் வணக்கம், என் பேர் இன்னது, ஊர் இன்னது என்று இரண்டு வரியில் முடித்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. நான் என்னைப் பற்றி எழுத ஆரம்பித்து, லயத்தைப் பற்றி எழுதி, பக்கத்து வீட்டுச் சகாயம் அக்கா ஆடு தேவாலயத்துக்குள் புகுந்து பலிபீடத்துப் பூவைத் தின்ற கதைக்குப் போய், மணி பார்த்து, மீதியை அப்புறம் எழுதுகிறேன் என்று விட்டுவிட்டேன். மறுநாள் பார்த்தால் பதினேழு பேர், ஒருத்தர் சேலம், ஒருத்தர் துபாய், அக்கா அந்த ஆட்டை அவிழ்த்துவிட்டது யாரு என்று கேட்டிருக்கிறார்கள். அடேயப்பா, இத்தனை வருஷம் பைப்படியில் நாலு பேருக்குச் சொன்ன கதைக்குப் பல்கலைக்கழகமே காதைக் கொடுக்கிறதே என்று எனக்குத் தலைக்குமேல் ஏறிவிட்டது. ஏறினது இறங்க ஒரு வாரம்தான் ஆனது.

நேரடி வகுப்பு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று செய்தி வந்தது, கட்டாயம் வரவேண்டுமாம், வருகைப் பதிவு உண்டாம். மழை விட்டு வெயில் அடிக்கிற நேரம், கொழுந்து ஏறிக்கொண்டு நிற்கிறது, சனிக்கிழமை லீவு கேட்டால் சூப்பர்வைசர் வீரபாண்டி அழுதுவிடுவான். உனக்குத்தான் நம் வழக்கம் தெரியுமே. ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்குக் கல்யாண வீடு என்றால் அவள் வீட்டிலிருந்து இன்னொரு ஆள் அவள் பேருக்குத் தேயிலைக் காட்டில் இறங்கும். காலையில் பெரட்டில் பேர் கூப்பிடும்போது நிற்கிற ஆள் குரல் கொடுத்தால் போதும், சூப்பர்வைசருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும், சாக்கு நிறைந்ததா என்பதுதான் கணக்கு, எந்தக் கை நிறைத்தது என்று யாரும் கேட்பதில்லை. நீ வயிற்றில் இருந்தபோது எனக்காக உன் சித்தி மூன்று மாதம் நின்றாள். ஆகையால் நான் என் புத்தியை எல்லாம் திரட்டி யோசித்தேன், இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் என் பேர் கூப்பிடுகிறார்கள், ஒரு இடத்துக்கு உங்கப்பாவை அனுப்ப வேண்டும். கொழுந்துக்கு அனுப்ப முடியாது. முன்னொரு தடவை என் பேருக்குப் போய்க் கம்பும் முற்றல் இலையுமாகப் பறித்து வந்து, வீரபாண்டி சாக்கைக் கவிழ்த்துப் பார்த்து, "அண்ணே, இது ஃபாக்டரிக்கா, இல்ல வீட்ல அடுப்பெரிக்கவா" என்று கேட்டுவிட்டான். போன் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பது உங்கப்பாவுக்கு நன்றாக வரும். ஆகவே அவரை வகுப்புக்கு அனுப்பிவிட்டு நான் கொழுந்துக்குப் போனேன். சிரிக்காதே, சிரிக்கிற இடம் இன்னும் வரவில்லை.

அவர் ஆள் ஏற்றி ஓட்டுகிற ஜீப்பைக் குருசடி வளைவில் ரேஞ்ச் கிடைக்கிற இடத்தில் ஓரம் கட்டி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டு, மீசையைச் சீவி, என் போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்து உட்கார்ந்திருக்கிறார். பேர் கூப்பிட்டால் பிரசன்ட் என்று மட்டும் சொல்லுங்கள், வேறு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் விட்டேன். அரை மணி நேரம் பாடம் நடந்து, பிறகு ஒருங்கிணைப்பாளர் செல்வலட்சுமி மேடம் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, கேமராவைப் போட்டு முகம் காட்டச் சொல்லியிருக்கிறார். வகுப்பு வாட்ஸப்பில் யாரோ அதை வெட்டிப் போட்டிருந்தார்கள், அதனால் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். மேடம் "கத்தரீனாள் மத்தியாஸ்" என்று கூப்பிடுகிறார், திரை நிறைய உங்கப்பா மீசை வருகிறது, "பிரசன்ட் மேடம்" என்கிறது. மேடம் பேர்ப் பட்டியலை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு "நீங்கதான் கத்தரீனாளா?" என்று கேட்டார். உங்கப்பா துளிகூடத் தயங்காமல், "ஆமா மேடம், இன்னைக்கு நான்தான்" என்றார். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் மகளே. அதோடு நிறுத்தினால் அவர் உங்கப்பா இல்லையே. "அவ கொழுந்துக்குப் போயிருக்கா மேடம், அவ பேருக்கு நான் நிக்கேன், எங்க எஸ்டேட்ல இது வழக்கம்தான்" என்று விளக்கமும் கொடுத்தார். மேடம் ரொம்பப் பொறுமையாக, "அப்ப பரீட்சைக்கும் நீங்கதான் வருவீங்களோ?" என்று கேட்க, இவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அன்னைக்கு ஜீப்புக்கு ஓட்டம் இல்லன்னா வாறேன் மேடம்" என்றிருக்கிறார்.

சாயங்காலம் நான் வந்து எப்படிப் போனது என்று கேட்டால், "ஜம்முனு போச்சு, உன்னைய இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு" என்றார். என்ன பாடம் நடத்தினார்கள் என்று கேட்டேன். "ஒரு ராஜா. நல்ல மனுஷன். குளமெல்லாம் வெட்டியிருக்காரு" என்றார். எந்த ராஜா, எந்த ஊர் என்றால், "அதெல்லாம் அவங்க சொன்னாங்க" என்றார். மற்ற நாள் என் பேருக்கு யார் பறித்தாலும் கொழுந்து என் சாக்குக்கு வந்து சேர்ந்துவிடும், இந்தப் பாடம் அவர் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஒரு கைப்பிடிகூட வரவில்லை.

திங்கட்கிழமை மெயில் வந்தது. ஆள்மாறாட்டம் என்று போட்டிருந்தது. அந்த வார்த்தையை நான் இதுவரை போலீஸ் செய்தியில்தான் கேட்டிருக்கிறேன். என் கணக்கைப் பூட்டிவிட்டார்களாம், வியாழக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும், வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் குழுவின் முன் நானே வரவேண்டும், வராவிட்டாலோ விளக்கம் சரியில்லாவிட்டாலோ சேர்க்கை ரத்து. பாடத்தைத் திறந்தால் திறக்கவில்லை, வாத்தியார் முகத்தில் ஒரு பூட்டுப் படம். நான் ரொம்பத் தைரியசாலி என்று உனக்குத் தெரியும், அட்டை கடித்தால்கூடக் கொழுந்து பறித்து முடித்துத்தான் பிய்த்துப் போடுகிறவள், ஆனால் அந்தப் பூட்டைப் பார்த்ததும் முருங்கைக்கீரையை உருவ உட்கார்ந்தவள் உருவாமலே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கப்பா பக்கத்தில் வந்து நின்று, போய் நின்று, வந்து நின்று, கடைசியில் அவரே கீரையை உருவினார், காம்போடு. விஷயம் எப்படிப் பரவியதோ, செவ்வாய்க்கிழமை பைப்படியில் சகாயம் அக்கா குடத்தை வைத்துவிட்டு, "ஏட்டி கத்தரீனா, பள்ளிக்கூடத்துல இருந்து ஓட்டிட்டாங்களாமே, என் ஆட்டைப் பத்தி எழுதினவளை அந்தோனியார் சும்மா விடுவாரா" என்றாள். நான், "ஓட்டல அக்கா, ஓட்டலாமா வேண்டாமான்னு வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டுப் பேசுறாங்க, உன் ஆட்டுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கல" என்றேன். சொல்லிவிட்டேனே தவிரக் குடம் நிரம்பி வழிந்து சேலை நனைந்தது எனக்குத் தெரியவில்லை.

விளக்கம் மூன்று தடவை எழுதினேன். முதல் தடவை எனக்குக் கடுங்காய்ச்சல் என்று எழுதினேன், நன்றாகத்தான் வந்தது, ஆனால் உங்கப்பாதான் கொழுந்துக்குப் போயிருக்கிறாள் என்று இருநூறு பேர் முன்னால் சாட்சி சொல்லிவிட்டாரே. கிழித்தேன். இரண்டாம் தடவை எல்லாம் என் கணவர் தானாகவே செய்த காரியம் என்று எழுதினேன். அதை வாசித்துப் பார்த்த உங்கப்பா, "அப்படியே இருக்கட்டும், எனக்கென்ன சீட்டா போகப்போகுது" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் அதையும் கிழித்தேன். மூன்றாவது உள்ளதை எழுதினேன், உனக்கும் இதுவரை முழுசாகச் சொல்லாததை எழுதினேன். ப்ளஸ் டூ முடித்து உத்தமபாளையத்தில் காலேஜில் இடம் கிடைத்து நான் ஏழு நாள் போனேன் ஜோமோள். எட்டாம் நாள் எங்கம்மா காட்டில் சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார்கள். அம்மா பேர் விட்டுப்போனால் லயத்து வீடும் போய்விடும், ஒரு வாரம் அம்மா பேருக்கு நின்றுவிட்டு வருகிறேன் என்று காலேஜில் சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு வாரம்தான் இருபத்தெட்டு வருஷமாக ஓடுகிறது. அம்மா பேருக்கு நின்று, அப்புறம் அதுவே என் பேராகி, அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை, அந்த வழக்கம் இல்லாவிட்டால் நாங்கள் தெருவில் நின்றிருப்போம், அது எங்களைச் சோறு போட்டுக் காப்பாற்றிய வழக்கம். அதனால்தான் ஐயா படிப்புக்கும் அது ஆகும் என்று நினைத்துவிட்டேன், ஆகாது என்று இப்போது தெரிந்துகொண்டேன், என் கணவர் கேட்ட பாடத்தில் எனக்கு ஒரு ராஜாவும் ஒரு குளமும்தான் கிடைத்தது, எந்த ராஜா என்றுகூடத் தெரியாது, என்று எழுதி, புதன்கிழமையே அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக்கு இந்தத் தடவை ஆள் அனுப்புகிற புத்தியெல்லாம் வேண்டாம் என்று நேரே வீரபாண்டியிடம் போய் லீவு கேட்டேன். "கல்யாணமா அக்கா, சாவா?" என்றான். படிப்பு என்றேன். அவன் அப்படி ஒரு காரணத்தை இருபது வருஷத்தில் கேட்டதில்லை போல, நோட்டைத் திறந்தான், மூடினான், "இந்த வயசுலயா" என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டான். பிறகு அவனே, "லீவெல்லாம் வேண்டாம், நாளைக்குப் பதினாலாம் நம்பர் மலையிலதான் பறிப்பு, உச்சியில ரேஞ்ச் கொட்டுது, பதினோரு மணிக்கு அங்கயே நின்னு பேசிட்டு மறுபடியும் நிரையில நில்லு" என்றான். நான் கும்பிட்டேன். அவன், "பாஸாயிட்டா என்னைய மறந்துராதீங்க" என்றான், இவனுக்கு எந்த வேலை வாங்கித் தருவேன் என்று நினைத்தானோ.

ஆக மகளே, உன் அம்மாவின் பல்கலைக்கழக விசாரணை தேயிலைக் காட்டின் உச்சியில் நடந்தது. இடுப்பில் ஈரம் படாமல் கட்டிய படங்கு, தலையில் துண்டு, தோளில் சாக்கு, போனைப் பிடிக்க ஒரு கை, கொழுந்து வெட்டுகிற கத்தரியைக் கீழே வைக்க மறந்துவிட்டதால் இன்னொரு கையில் அது. சகாயம் அக்கா உட்பட இருபது பெண்கள் என்னைச் சுற்றி வளைத்து நின்று ஒரே செடியை அரை மணி நேரம் பறித்தார்கள், அந்தச் செடி இனி தளிர்க்க மூன்று மாதம் ஆகும். திரையில் மூன்று பேர், செல்வலட்சுமி மேடம், இரண்டு பேராசிரியர்கள். முதலில் துண்டை எடுத்து முகத்தைக் காட்டச் சொன்னார்கள், ஆதார் கார்டைப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார்கள். ஆதார் போட்டோவில் நான் இருக்கிற கோலத்துக்கு அதைவிட உங்கப்பா முகமே எனக்கு நெருக்கம், ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள். வயதான பேராசிரியர் ஒருவர், "உங்க விளக்கத்தை வாசிச்சேன்மா, சரி, ஆனா நீங்க நிஜமாவே பாடம் கேட்டீங்களா, இல்ல அதுக்கும் வேற ஆளா?" என்றார். கேட்டேன் ஐயா, பூட்டுவதற்கு முன்னால் நாலு பாடம் கேட்டேன் என்றேன். "அப்ப முதல் பாடத்துல என்ன?" என்றார். வரலாற்றுக்குச் சான்று என்றால் என்ன, ஒரு சான்றை எப்படி நம்புவது என்பதுதான் முதல் பாடம். நான் புத்தகத்தில் உள்ளபடி சொல்லப் பார்த்தேன், எல்லாரும் பார்க்கிறார்கள், ஒரு வரியும் வரவில்லை, கீழே பள்ளத்தில் ஏதோ ஜீப் ஏறுகிற சத்தம், அது உங்கப்பாவாக இருக்கக்கூடாதே என்று அந்த நேரத்தில் அந்தக் கவலை வேறு. அப்புறம் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். "ஐயா, எங்க லயத்துல ஒரு சேதியைச் சகாயம் அக்கா சொன்னா நான் நம்பமாட்டேன். அவளோட பேச்சுவார்த்தை இல்லாத இன்னொருத்தியும் அதையே சொன்னாத்தான் நம்புவேன். ரெண்டு பேரும் சிநேகிதின்னா ஒரு ஆள் சொன்னதாத்தான் கணக்கு. அதுலயும் அந்தச் சேதியால யாருக்கு லாபம்னு பார்ப்பேன். நீங்க பாடத்துல கல்வெட்டைப் பத்திச் சொன்னதும் அதுதான ஐயா, ராஜா குளம் வெட்டினார்னு ராஜாவே கல்லுல வெட்டி வச்சா, வேற யாராவது சொல்றாங்களான்னு பாக்கணும்ல" என்றேன். பின்னாலிருந்து சகாயம் அக்கா, "எந்தச் சேதிட்டி நான் பொய் சொன்னேன்" என்று சத்தம் போட்டது அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. அந்தப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார் ஜோமோள், நம்மைக் கேலி பண்ணுகிற சிரிப்பு இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும். "முப்பது வருஷமா இதைத்தான் நானும் சொல்லிட்டிருக்கேன், இவ்வளவு சுருக்கமா சொன்னதில்ல" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். செல்வலட்சுமி மேடம் மட்டும் சிரிக்கவில்லை, இனிமேல் என் பேருக்கு வேறு ஒருவர் வந்தால் கேள்வி கேட்காமல் நீக்கிவிடுவோம் என்று எச்சரித்து, உறுதிமொழியில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டு அனுப்பினேன். சாயங்காலம் பூட்டு போய்விட்டது.

நேற்று சனிக்கிழமை இரண்டாவது நேரடி வகுப்பு. விடியற்காலை ஆறு மணிக்கே நிரையில் இறங்கி ஒன்பதரை வரை பறித்துவிட்டு, மறுபடி பன்னிரண்டரை மணிக்கு வந்து நிற்கிறேன் என்று வீரபாண்டியிடம் பேசி வைத்துவிட்டேன், இனி எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தான். குருசடி வளைவில் ஜீப்பின் முன் சீட்டில் நானே உட்கார்ந்தேன். உங்கப்பா இருபது அடி தள்ளி, கேமராவில் தன் விரல்கூட விழுந்துவிடக்கூடாது என்று ரோட்டோரக் கலுங்குத் திண்டில் உட்கார்ந்திருந்தார், பாவம், இப்போது ஜீப்பில் ஏறுகிறவர்கள் எல்லாம் அவரை, "இன்னைக்கு டிரைவர் யாரு, மத்தியாஸா கத்தரீனாளா" என்று கேட்கிறார்கள், அவர் அதற்கெல்லாம் கோபப்படுவதில்லை, கேட்கிறவர்களுக்கு முழுக் கதையும் சொல்லி இறக்கிவிடுகிறார். என் பேர் கூப்பிட்டார்கள். பிரசன்ட் மேடம் என்றேன். மறுபடி கூப்பிட்டார்கள். பிரசன்ட் மேடம் என்று மலையே கேட்கிறாற்போலக் கத்தினேன். மூன்றாவது தடவை மேடம், "கத்தரீனாள், உங்க மைக் ஆஃப்ல இருக்கு" என்றார். இவ்வளவு பாடும் பட்டுக் கடைசியில் நான் வாயைத் திறந்தது யாருக்கும் கேட்கவில்லை. அதைப் போட்டுவிட்டு நாலாவது தடவையாகச் சொன்னேன். பாடம் முழுவதும் கேட்டேன், அந்த ராஜா யார், எந்தக் குளம் என்பதும் கேட்டுத் தெரிந்துகொண்டேன், உங்கப்பா சொன்னதில் நல்ல மனுஷன் என்பது மட்டும் கொஞ்சம் சந்தேகம்.

கடிதம் எழுதியதற்கு இன்னொரு காரணம் உண்டு என்றேனே, செமஸ்டர் பரீட்சை மட்டும் ஆன்லைனில் கிடையாது, மையத்துக்குப் போய் மூன்று மணி நேரம் கையால் எழுத வேண்டும். இருபத்தெட்டு வருஷமாகக் கத்தரி பிடித்த விரல் பேனாவை நேராகப் பிடிக்க மாட்டேன் என்கிறது, முதல் பக்கத்து எழுத்தையும் இந்தப் பக்கத்து எழுத்தையும் பார், கொஞ்சம் தேறியிருக்கிறேன் இல்லையா. இனி மாதம் ஒன்று எழுதிப் பழகப்போகிறேன், நீ படித்தே தீர வேண்டும், பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துப் போட்டோ எடுத்து அனுப்பு, மார்க் மட்டும் போடாதே. நீ வேலைக்குப் போகும்போது வெறும் ரொட்டியோடு ஓடாதே, முட்டையாவது அவித்துக்கொள். காதை மூடிக்கொண்டு போ. சம்பளம் வந்ததும் அம்மாவுக்கு அது வாங்கட்டுமா இது வாங்கட்டுமா என்று கேட்பாயே, ஒன்றும் வேண்டாம், நல்ல ஹெட்போன் ஒன்று மட்டும் டின்டு திரும்பி வரும்போது கொடுத்துவிடு, லயத்துச் சுவருக்குக் காது மட்டுமில்லை, வாயும் இருக்கிறது, நான் கேட்கிற பாடத்தை அந்தப் பக்கமிருந்து சகாயம் அக்கா கேட்டு எனக்கு முன்னால் பாஸாகிவிடுவாள் போலிருக்கிறது.

வேளாங்கண்ணி மாதா உன்னைக் கண்ணின் மணிபோல் காக்கட்டும், உன் கை படுகிற நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும், உனக்கு நல்ல தூக்கமும் நல்ல சிநேகிதமும் தரட்டும், உங்கப்பாவும் அப்படியே சொல்லச் சொன்னார். ஒரே ஒரு விஷயம் மட்டும் மனதில் வைத்துக்கொள். நீ போன இந்த நாலு வருஷத்தில் உன் அழைப்பை ஒரு தடவைகூட நான் எடுக்காமல் விட்டதில்லை, மழையில் எடுத்திருக்கிறேன், நிறுவைக் களத்தில் எடுத்திருக்கிறேன், ஒரு தடவை பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போதுகூட எழுந்து வெளியே ஓடி எடுத்திருக்கிறேன். இனி சனிக்கிழமை நம் ஊர் நேரம் பத்திலிருந்து பன்னிரண்டு வரை நீ கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், நான் எடுக்கமாட்டேன். பயப்படாதே, எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அப்பாவுக்குக் கூப்பிட்டுக் கேட்காதே, அவரும் சொல்லமாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு அடித்ததும் நானே கூப்பிடுவேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
கத்தரீனாள் மத்தியாஸ்,
பி.ஏ. வரலாறு, முதலாம் ஆண்டு.